ஏரோதின் அரண்மனையில் ஒரு மேய்ப்பன் குழல்

(இசை மாணவர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட கருவியை இந்த அரங்கில் இருப்பவர்கள் நேரில் பார்த்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஐரோப்பாவில் ஆண்டு தவறாமல் கச்சேரிக்குப் போகிறவர்களிலேயே பலர் அதன் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஹெக்கெல்ஃபோன் என்பது பெயர். 1904-இல் ஜெர்மனியில் செய்யப்பட்ட மரக்குழல். இன்றுவரை செய்யப்பட்டவை எல்லாவற்றையும் கூட்டினாலும் சுமார் 150-தான் தேறும் என்கிறார்கள்.

150 குழல்களுக்காக ஒரு சொற்பொழிவா என்று கேட்கலாம். இதற்குள் ஒரு நல்ல கதை இருக்கிறது. ஒருவர் ஒரு குரலை மனத்தில் கேட்டு ஆசைப்பட்டார். இன்னொருவர் இருபத்தைந்து ஆண்டு கழித்து அந்தக் குரலுக்கு உடம்பு செய்து கொடுத்தார். அதற்குள் ஆசைப்பட்டவர் இறந்துவிட்டார். மூன்றாவதாக ஒருவர் வந்து அதை எடுத்துக்கொண்டுபோய், முதல் மனிதர் கனவிலும் நினைக்காத ஓரிடத்தில் ஊதவைத்தார். ஆசைப்பட்டவர் இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர். செய்தவர் வில்ஹெல்ம் ஹெக்கெல். எடுத்துக்கொண்டுபோனவர் இன்னோர் இசையமைப்பாளர், ரிச்சர்ட் ஸ்ட்ராஸ். மூவரையும் சேர்த்துவைத்தது ஓபரா என்ற இசை நாடகம்.

முதலில் கருவியைப் பார்த்துவிடுவோம்.

உங்களில் நாகஸ்வரம் கற்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். இரண்டு நாணல் தகடுகள் சேர்ந்த சீவாளி, மேலே ஒடுங்கிக் கீழே விரிகிற கூம்புத் துளை: இந்த இரண்டும் நாகஸ்வரத்துக்கும் உண்டு, ஓபோவுக்கும் உண்டு, ஹெக்கெல்ஃபோனுக்கும் உண்டு. ஒரே வம்சம். துளை கூம்பாக இருப்பதால்தான் மூச்சை அழுத்தினால் குரல் சரியாக ஒரு ஸ்தாயி மேலே தாவுகிறது. துளை நேர்க்குழாயாக உள்ள கிளாரினெட்டில் அப்படித் தாவாது. ஒரு ஸ்தாயியையும் தாண்டி மேல் ஸ்தாயிப் பஞ்சமத்தில் போய் நிற்கும். 

ஓபோவை நீங்கள் அறிவீர்கள். சினிமாப் பாடல்களின் இடையிசையில் மெல்லிய, கொஞ்சம் மூக்கால் பாடுகிற அந்தக் குரலைக் கேட்டிருப்பீர்கள். ஆர்கெஸ்ட்ரா முழுவதும் சுருதி சேர்ப்பது அதன் ஒரு சுரத்தை வைத்துத்தான். ஓபோவுக்கு ஒரு பஞ்சமம் கீழே பேசுவது இங்கிலிஷ் ஹார்ன். ஓபோவுக்கு முழுதாக ஒரு ஸ்தாயி கீழே, அதற்கும் அரைச் சுரம் தள்ளிக் கீழே வரை போவது ஹெக்கெல்ஃபோன். அதன் அடிச்சுரத்தின் அதிர்வெண் 110 ஹெர்ட்ஸ்.

நீளம் ஏறக்குறைய நாலு அடி. ஓபோவைப்போல் கறுப்பு மரத்தில் செய்வதில்லை. தாழ்ந்த குரலில் பேசும் சீவாளிக் குழலான பசூனைப்போல் மேப்பிள் மரத்தில் செய்து செம்பழுப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். கனம் அதிகம், கையில் தூக்கிப்பிடித்து வாசிக்க முடியாது. அதனால் அடியில் ஒரு சிறிய ஊன்றுகோல் வைத்துத் தரையில் நிறுத்தி வாசிக்கிறார்கள். நாகஸ்வரத்தில் கெண்டை இருக்கிற இடத்தில் இதற்கு ஒரு வளைந்த உலோகக் குழாய்; சீவாளி அதன் நுனியில். கீழ் முனையில் அணசைப்போல் விரிந்த வாய் கிடையாது; உருண்டையாக ஒரு குமிழ்.

எல்லாவற்றையும்விட முக்கியம், உள்ளே போகிற துளையின் அகலம். ஓபோவின் துளை மிகக் குறுகலானது. ஹெக்கெல்ஃபோனின் துளை வெகு தாராளம். ஓபோவை வெறுமனே இரண்டு மடங்காக நீட்டினால் கிடைப்பது தாழ்ந்த ஓபோ. அப்படி ஒன்று பிரான்சில் ஏற்கெனவே இருந்தது, அதைப் பின்னால் பார்ப்போம். ஹெக்கெல் அதைச் செய்யவில்லை. துளையை அகலமாக்கி, குரலுக்கு ஒரு நெஞ்சு கொடுத்தார். கீழ் ஸ்தாயியில் இது பேசும்போது ஓபோவின் கூர்மை போய்விடாது, ஆனால் அதைச் சுற்றி ஒரு தடிப்பு இருக்கும். பசூனும் அதே உயரத்தில் பேசும். பசூனுக்கு அங்கே குரல் இளைத்துவிடும்; ஹெக்கெல்ஃபோனுக்கு அதுதான் சொந்த ஊர்.

இப்போது வாக்னருக்கு வருவோம். 

வாக்னரின் டிரிஸ்டனும் இஸோல்டாவும் ஓபராவில் மூன்றாவது அங்கம். படுகாயப்பட்ட டிரிஸ்டன் கடலோரக் கோட்டையில் கிடக்கிறான். இஸோல்டா கப்பலில் வரவேண்டும். ஒரு மேய்ப்பன் கடலைப் பார்த்துக்கொண்டு குழல் ஊதுகிறான். கப்பல் வரவில்லை என்றால் சோகமான மெட்டு. கண்ணில் பட்டுவிட்டால் சந்தோஷ மெட்டு. இதுதான் ஏற்பாடு. சோக மெட்டை மேடைக்குப் பின்னாலிருந்து இங்கிலிஷ் ஹார்ன் தன்னந்தனியாக வாசிக்கும். அடியில் சுருதி கிடையாது, துணைக்கு வேறு கருவி கிடையாது. அவ்வளவு பெரிய ஆர்கெஸ்ட்ராவைக் கையில் வைத்திருந்த ஒருவர் அத்தனை பேரையும் நிறுத்திவிட்டு ஒற்றைக் குழலை இவ்வளவு நேரம் பேசவிட்டது பெரிய துணிச்சல். 

சந்தோஷ மெட்டில்தான் வாக்னருக்குத் தலைவலி. கப்பல் தெரிந்துவிட்டது என்று சொல்கிற குரல் சோக மெட்டின் குரலாகவே இருந்தால் எப்படி? அதற்குப் பலம் வேண்டும், காட்டுத்தனம் வேண்டும், மலை நாட்டு மேய்ப்பர்கள் ஊதுகிற நீண்ட மரக்கொம்பான ஆல்ப்ஹார்னின் தோரணை வேண்டும். ஸ்கோரிலேயே, அதாவது இசைக் குறியீட்டு ஏட்டிலேயே, குறிப்பு எழுதிவைத்தார்: இதற்கென்று சுவிஸ் ஆல்ப்ஹார்னைப் பார்த்து மரத்தில் ஒரு தனிக் கருவி செய்துகொள்ளுங்கள் என்று. இசையமைப்பாளர் ஸ்கோரில் ‘இல்லாத கருவி ஒன்றைச் செய்து வாசியுங்கள்’ என்று எழுதினால் நாடகக் கொட்டகைக்காரர்கள் என்ன செய்வார்கள்? ஆளுக்கொரு வழி பார்த்தார்கள். வாக்னரின் அரங்கான பைராய்ட்டில் மரத்தாலான ஒரு டிரம்பெட் செய்துகொண்டார்கள். ஹங்கேரியில் 1890-களில் ஷுண்டா என்ற கருவித் தயாரிப்பாளர் புது வடிவம் கொடுத்த டாரோகாட்டோ என்ற மரக்குழல் இந்த மெட்டுக்குப் பொருந்தியது. இன்றும் பல ஓபரா அரங்குகளில் இந்த ஒரு மெட்டுக்கு எந்தக் கருவி என்பது நடத்துனருக்கு நடத்துனர் மாறும்.

அந்த ஆசை வாக்னரை விடவில்லை. ரைன் நதிக்கரையில், விஸ்பாடனை ஒட்டி பீப்ரிஷ் என்று ஓர் ஊர். 1862-இல் வாக்னர் சில மாதங்கள் அங்கே தங்கி இன்னொரு ஓபராவை எழுதத் தொடங்கினார். அதே ஊரில்தான் ஹெக்கெல் குடும்பத்தின் பட்டறை. யோஹான் ஆடம் ஹெக்கெல், கார்ல் அல்மென்ரேடர் என்பவரோடு சேர்ந்து 1831-இல் தொடங்கியது. இன்று உலகின் பெரும்பாலான ஆர்கெஸ்ட்ராக்களில் வாசிக்கப்படும் பசூன் அந்தப் பட்டறையில் உருவான வடிவம்தான். யோஹான் ஆடம் 1877-இல் இறந்தபின் மகன் வில்ஹெல்ம் பொறுப்பேற்று, பசூனுக்கும் ஒரு ஸ்தாயி கீழே பேசுகிற கான்ட்ராபசூனைச் சீர்படுத்தினார். 1879-இல் வாக்னர் வில்ஹெல்மிடம் தன் பழைய ஆசையைச் சொன்னதாக ஹெக்கெல் குடும்பம் சொல்லிவருகிறது. ஓபோவின் குணமும் ஆல்ப்ஹார்னின் மென்மையான ஆனால் பலமான குரலும் ஒன்றாகச் சேர்ந்த கருவி வேண்டும் என்பது அந்த ஆசை.

வாக்னர் 1883-இல் காலமானார். வில்ஹெல்ம் ஹெக்கெல் விட்டுவிடவில்லை. தன் இரண்டு மகன்களோடு சேர்ந்து அந்தக் கருவியை முடித்தது 1904-இல். ஓர் இசையமைப்பாளர் பேச்சோடு பேச்சாகச் சொன்ன யோசனையை, அவர் இறந்து இருபது ஆண்டுக்குப் பிறகும் மறக்காமல் செய்து முடித்திருக்கிறார் பாருங்கள். யாரும் முன்பணம் கொடுக்கவில்லை, வாங்க ஆள் காத்திருக்கவுமில்லை. கைவினைஞர்களுக்கு மட்டுமே வருகிற பிடிவாதம் அது. ஐந்து ஆண்டு கழித்து, 1909-இல், அவரும் போய்விட்டார்.

அவருடைய அதிர்ஷ்டம், கருவி முடிந்த சமயத்தில் ஜெர்மனியில் ஒருவர் புதுக் குரல்களுக்காகப் பசியோடு இருந்தார். 

ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் அப்பா ஃபிரான்ஸ் ஸ்ட்ராஸ் மியூனிக் அரசவை ஆர்கெஸ்ட்ராவின் தலைமை ஹார்ன் வாத்தியக்காரர். 1865 ஜூன் 10-ஆம் தேதி டிரிஸ்டன் முதன்முதலாக மேடையேறியபோது ஆர்கெஸ்ட்ராக் குழியில் உட்கார்ந்து ஹார்ன் வாசித்தவர் அவர். வாக்னரையும் அவர் இசையையும் அவருக்கு ஆகவே ஆகாது. வெளிப்படையாகச் சண்டை போடுவார். ஆனால் ஹார்னைக் கையில் எடுத்தால் வாக்னரே வாயடைத்துப் போகும்படி வாசிப்பார். ஆக, வாக்னர் மேய்ப்பனின் குழலுக்காகத் தவித்த அந்த ஓபராவின் முதல் இரவில் அப்பா இருந்தார். அந்தத் தவிப்பிலிருந்து பிறந்த குழலை முதலில் ஓபராவுக்குள் கொண்டுவந்தவர் மகன். அப்பாவுக்கு இது பிடித்திருக்காது. 

1904-05 காலத்தில் ஸ்ட்ராஸ் இரண்டு காரியம் செய்துகொண்டிருந்தார். ஒன்று, கருவிகளைப் பற்றி இசையமைப்பாளர் பெர்லியோஸ் எழுதிய புகழ்பெற்ற நூலைத் திருத்தி, புதிய குறிப்புகள் சேர்த்துக்கொண்டிருந்தார். இன்னொன்று, சலோமே ஓபராவை எழுதிக்கொண்டிருந்தார். முதல் வேலை இரண்டாவதன் மேல் படிந்திருக்கிறது என்பது சலோமேயின் கருவிப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். 

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். விவிலியத்தில் வருகிறது: ஏரோதின் விருந்தில் ஏரோதியாளின் மகள் நடனமாடி, பரிசாக யோவான் ஸ்நானகனின் தலையைக் கேட்கிறாள். நற்செய்தி நூல்களில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் கிடையாது. சலோமே என்ற பெயரை ஜோசிஃபஸ் என்ற வரலாற்றாசிரியர் தருகிறார். விவிலியத்தில் அவள் தாய் சொன்னதைக் கேட்டு நடக்கிற சிறுமி. ஆஸ்கர் வைல்ட் எழுதிய நாடகத்தில் அவளே தீர்க்கதரிசியின் மேல் பித்தாகி, அவன் மறுத்ததால் தலையை வாங்கி, வெட்டுண்ட அந்த வாயை முத்தமிடுகிறாள். அந்த நாடகத்தை ஹெட்விக் லாஹ்மன் ஜெர்மனில் பெயர்த்திருந்தார். ஸ்ட்ராஸ் அதைச் சுருக்கி அப்படியே இசையமைத்தார். ஒரே அங்கம், ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், இடைவேளை கிடையாது. முன்னிசைகூடக் கிடையாது: ஒரு கிளாரினெட் சரசரவென்று மேலேறுகிறது, திரை தூக்கியாகிவிட்டது.

நூறு பேருக்கு மேல் வாசிக்கிற ஆர்கெஸ்ட்ரா. அதில் ஓபோக் குடும்பத்தை மட்டும் பாருங்கள். இரண்டு ஓபோ, ஓர் இங்கிலிஷ் ஹார்ன், ஒரு ஹெக்கெல்ஃபோன். இப்போது என்ன ஆகிறது? வயலினிலிருந்து டபுள் பேஸ் வரை தந்திக் கருவிகள் ஒரே குணத்தோடு மேலிருந்து கீழே இறங்க முடியும். கிளாரினெட்டுகளும் அப்படியே, பாஸ் கிளாரினெட் வரை. ஓபோக் குடும்பத்துக்கு மட்டும் அதுவரை அடித்தளம் கிடையாது. இங்கிலிஷ் ஹார்னுக்குக் கீழே போகவேண்டுமென்றால் பசூனிடம் ஒப்படைத்தாக வேண்டும், ஒப்படைக்கிற இடத்தில் நிறம் மாறிவிடும். ஹெக்கெல்ஃபோன் வந்ததும் அந்தக் குடும்பம் முழுமையாகிவிட்டது. அந்தச் சீவாளிக் குரலிலேயே தாழ்ந்த சுரங்களைக் கட்டலாம்.

ஸ்ட்ராஸ் இதைச் சலோமேயில் பெரும்பாலும் தனிக்கச்சேரி செய்யவிடவில்லை. முதல் தடவை கேட்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்: அபூர்வக் கருவி என்று கேள்விப்பட்டுப் போய் அதன் தனிக்குரலுக்காகக் காத்திருப்பார்கள். அது மற்றவர்கள் தோளோடு தோள் நின்று வேலை செய்கிறது. இங்கிலிஷ் ஹார்னுக்குக் கீழே, பாஸ் கிளாரினெட்டுக்குப் பக்கத்தில், ஒலியின் நடுப்பகுதியில் ஒரு புழுக்கத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. நிலா வெளிச்சம், அரண்மனை மாடம், கிணற்றுச் சிறைக்குள்ளிருந்து வரும் தீர்க்கதரிசியின் குரல், குடிபோதையில் ஏரோது: இந்த இரவின் மூச்சுமுட்டலில் ஒரு பங்கு அந்த நாலு அடிக் குழலிலிருந்து வருகிறது. சலோமே ஆடும் ஏழு திரை நடனத்தில் ஓபோ ஒரு கிழக்கத்திய மெட்டை நெளித்து நெளித்து வாசிப்பது எல்லோர் காதிலும் விழும். அந்த நெளிவுக்கு அடியில் அதே இனத்துக் குரல்கள் நிற்பதைக் கவனித்துக் கேட்டால்தான் தெரியும். (இந்த நடனத்தை ஸ்ட்ராஸ் ஓபராவின் மற்ற பகுதிகளை எல்லாம் முடித்த பிறகு கடைசியாகத்தான் எழுதினார். சிலர் அதில் அவசரம் தெரிகிறது என்கிறார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.)

ஆல்ப்ஸ் மலைச் சரிவில் கடவுளின் காற்றை வாங்கிக்கொண்டு ஊதுவதற்காக நினைக்கப்பட்ட குரல் ஏரோதின் அரண்மனைக்குள் வந்து சேர்ந்தது இப்படித்தான். வாக்னர் கேட்டது வெகுளித்தனத்தை. ஸ்ட்ராஸ் அதே கருவியிலிருந்து எடுத்தது விகாரத்தை. என் அபிப்பிராயத்தில் ஸ்ட்ராஸின் காது சரியாகவே கேட்டிருக்கிறது. அகலத் துளையும் முரட்டுச் சீவாளியும் சேர்ந்த குரலில் மேய்ப்பனின் நேர்மையும் இருக்கிறது, ஏதோ சரியில்லை என்ற ஒரு குறுகுறுப்பும் இருக்கிறது. 

முதல் மேடையேற்றம் 1905 டிசம்பர் 9, டிரெஸ்டன் அரசவை ஓபரா. நடத்தியவர் எர்ன்ஸ்ட் ஃபான் ஷூக். பியானோவோடு முதல் ஒத்திகையில் பாடகர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பாகத்தைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார்களாம். கடைசியாக ஏரோது பாத்திரக்காரர் காரல் பூரியானைக் கேட்டபோது, தனக்கு எல்லாம் மனப்பாடமாகிவிட்டது என்றாராம். அதற்குமேல் மற்றவர்களுக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. இதை ஸ்ட்ராஸே பின்னாளில் எழுதியிருக்கிறார். அப்பா ஃபிரான்ஸ் அந்த மேடையேற்றத்தைப் பார்க்கவில்லை, அதே ஆண்டு மே மாதம் காலமாகிவிட்டார். அதற்குமுன் மகன் பியானோவில் சில பகுதிகளை வாசித்துக் காட்டியிருக்கிறார். கால்சட்டைக்குள் வண்டுகள் ஊர்கிறமாதிரி இருக்கிறது என்பது கிழவரின் விமர்சனம். 

பிறகு நடந்தது ஊரறிந்தது. வியன்னாவில் இசையமைப்பாளர் மாலர் எவ்வளவோ முயன்றும் தணிக்கை அதிகாரி அனுமதிக்கவில்லை. அங்கே அரசவை ஓபராவில் அது ஏறியது 1918-இல்தான். 1906 மே மாதம் ஸ்ட்ராஸே கிராட்ஸ் நகரில் நடத்தியபோது மாலர், புச்சினி, ஷோன்பெர்க், அவர் மாணவர் ஆல்பன் பெர்க் எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபராவில் 1907 ஜனவரியில் ஒரே ஒரு தடவை போட்டுவிட்டு, பணக்காரப் புரவலர்கள் முகம் சுளித்ததால் எடுத்துவிட்டார்கள். மெட்ரோபாலிடன் ஓபராவுக்கு அது திரும்பியது 1934-இல். ஆனால் தடைகள் ஒரு பக்கம் இருக்க, ஐரோப்பா முழுவதும் ஊர் ஊராகச் சலோமே போட்டார்கள். போட்ட ஊரெல்லாம் ஒரு ஹெக்கெல்ஃபோனைத் தேடவேண்டியிருந்தது. ஹெக்கெலின் பட்டறைக்கு வேலை வந்தது இந்த வழியில்தான்.

அடுத்தது எலெக்ட்ரா, அதே டிரெஸ்டனில், 1909 ஜனவரி 25. கிரேக்கக் கதை; ஹோஃப்மன்ஸ்தாலின் நாடகம். கருவிப் படை இன்னும் பெரியது: கிளாரினெட் குடும்பத்தில் மட்டும் எட்டுப் பேர், அதில் இரண்டு பாசெட் ஹார்ன். பாசெட் ஹார்னும் அபூர்வக் கருவிதான், மொத்ஸார்ட் காலத்தில் கொடிகட்டிப் பறந்து அப்புறம் தூங்கிப்போனது. அதை எழுப்பியவரும் ஸ்ட்ராஸே. இந்தக் கூட்டத்தில் ஹெக்கெல்ஃபோன் மறுபடியும் இடம் பிடித்தது. கணவனைக் கொன்ற ராணி கிளைடெம்னெஸ்ட்ரா தூக்கமில்லாமல், உடம்பெல்லாம் தாயத்துக் கற்களாகத் தொங்கவிட்டுக்கொண்டு, தன் கெட்ட கனவுகளுக்கு மருந்து கேட்டு மகளிடம் வருகிற காட்சி இருக்கிறதே, ஸ்ட்ராஸ் வாழ்நாளில் எழுதியதில் மிகவும் இருண்ட பக்கங்கள் அவை. சுருதி ஆதாரமே கரைந்துபோகிற இடம். தாழ்ந்த மரக்குழல்களின் பெரிய கூட்டம் ஒன்று கையில் இல்லாமல் அந்த இருட்டை அவர் எழுதியிருக்க முடியாது.

அதோடு ஓபராவில் ஹெக்கெல்ஃபோனின் பொற்காலம் கிட்டத்தட்ட முடிந்தது. இது கொஞ்சம் விசித்திரம். அடுத்த ஓபராவான ரோஸன்கவலியரில் ஸ்ட்ராஸ் அதைச் சேர்க்கவில்லை. கருவிகளை அள்ளிக்கொட்டிய நிழலில்லாப் பெண் ஓபராவில், கண்ணாடி ஹார்மோனிகாவையும் சீனத்துச் சேகண்டிகளையும்கூடத் தேடிப்பிடித்தவர், ஹெக்கெல்ஃபோனைக் கூப்பிடவில்லை. பாசெட் ஹார்னுக்கு இடம் கொடுத்தார், இதற்குக் கொடுக்கவில்லை. காரணம் கதைகளில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ரோஸன்கவலியரோடு அவர் கொலையையும் பித்தையும் விட்டு வியன்னா வால்ட்ஸுக்கு வந்துவிட்டார். புழுக்கத்துக்கு அங்கே வேலையில்லை.

மேடைக்கு வெளியே, 1915-இல், ஆல்ப்ஸ் சிம்பொனியில் ஸ்ட்ராஸ் இந்தக் கருவியை உண்மையிலேயே மலைக்குக் கூட்டிக்கொண்டுபோனார். வாக்னரின் ஆசை ஒருவகையில் அங்கே நிறைவேறியது. ஆனால் பாருங்கள், அந்தப் பாகத்தில் கருவியால் எட்டவே முடியாத கீழ்ச் சுரங்களை எழுதிவைத்துவிட்டார். ஹெக்கெல்ஃபோன் போகக்கூடிய அடிச்சுரத்துக்கும் நாலு அரைச் சுரம் கீழே போகிறது பாகம். கருவி பிறந்து பதினோரு ஆண்டு ஆகியிருந்தது, அதை வைத்து இரண்டு ஓபரா எழுதியாகிவிட்டது. ஸ்ட்ராஸ் அலட்சியமாக எழுதினாரா, ‘எட்டவில்லையென்றால் நீட்டிக்கொள்ளுங்கள்’ என்று ஹெக்கெல் குடும்பத்துக்குச் சவால்விட்டாரா, சொல்ல முடியாது. பதில் வந்தது இந்த நூற்றாண்டில்: குண்ட்ராம் வோல்ஃப், பெனடிக்ட் எப்பெல்ஸ்ஹைம் என்ற இரண்டு ஜெர்மன் தயாரிப்பாளர்கள் லூபோஃபோன் என்ற புதுக் கருவி செய்தார்கள். அது அந்தச் சுரங்களை எட்டுகிறது.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்கர் வரேஸ் தன் பெரிய ஆர்கெஸ்ட்ராப் படைப்புகளில் பயன்படுத்தினார். ஹிண்டெமித் 1928-இல் வயோலா, ஹெக்கெல்ஃபோன், பியானோ மூன்றுக்குமாக ஒரு டிரியோ எழுதினார். இந்தக் கருவி முன்வரிசையில் உட்கார்ந்து பேசுகிற அபூர்வச் சந்தர்ப்பம் அது. அந்த வெளியீட்டிலும் ஹெக்கெல்ஃபோன் கிடைக்காவிட்டால் டெனர் சாக்ஸஃபோனில் வாசிக்கலாம் என்று சலுகை இருந்தது. 

இந்தச் சலுகைதான் ஹெக்கெல்ஃபோனின் பரம எதிரி. நான் முன்பு சொன்ன பிரெஞ்சுக்காரர்களின் தாழ்ந்த ஓபோவுக்கு வருவோம். பாஸ் ஓபோ என்று அதற்குப் பெயர். பாரிஸில் லோரே பட்டறை 1889 வாக்கில் அதற்கு இன்றைய வடிவம் கொடுத்தது. ஸ்தாயி ஒன்றே, விரல் வைப்பும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் துளை குறுகல், குரல் மெலிவு. ஹெக்கெல்ஃபோன் கிடைக்காத ஊர்களில் சலோமேக்கு இதை வைத்துச் சமாளிப்பார்கள். இங்கிலாந்தில் இரண்டுக்கும் இருந்த குழப்பம் இன்னும் தீரவில்லை: டீலியஸ், ஹோல்ஸ்ட் போன்றோர் ஸ்கோரில் பாஸ் ஓபோ என்று எழுதினால் அவர்கள் மனத்தில் இருந்தது எந்தக் கருவி என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். 1909-இல் ஹெரிஃபோர்டில் டீலியஸின் ஒரு நடன ராப்சடி முதன்முதலாக அரங்கேறியபோது, கடைசி நேரத்தில் பாஸ் ஓபோ வாசிக்க முன்வந்தவர் முழுத் தொழில்முறைக் கலைஞர் அல்லர். அந்தக் கருவி எழுப்பிய ஓசைகளில் சபையே சிரிப்பை அடக்க முடியாமல் திண்டாடிய கதையை நடத்துனர் தாமஸ் பீச்சம் தன் நினைவுக்குறிப்பில் ரசித்து எழுதியிருக்கிறார். மறு ஆண்டே, 1910-இல், லண்டன் கோவென்ட் கார்டனில் எலெக்ட்ராவையும் சலோமேயையும் மேடையேற்றியவர் அதே பீச்சம்தான்.

சின்ன ஓபரா அரங்குகள் செலவைப் பார்த்து மாற்றுக் கருவி வைத்துக்கொள்வதை நான் குறைசொல்லப் போவதில்லை. ஆனால் கேட்பவர்களுக்கு நஷ்டம் எவ்வளவு என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பாஸ் ஓபோவை வைத்தால் ஆர்கெஸ்ட்ராவின் நடுவயிறு காலியாகிவிடும். மேலே ஓபோ கேட்கும், கீழே கான்ட்ராபசூன் கேட்கும், நடுவில் ஸ்ட்ராஸ் திணித்துவைத்த அடர்த்தி இருக்காது. ஒரே ஒரு கருவிதானே என்று தோன்றும். நூறு பேர் வாசிக்கிற இடத்தில் அந்த ஒன்று எப்படித் தெரியும் என்றும் தோன்றும். இரண்டு ஒலிப்பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால் தெரிந்துவிடும்.

இவ்வளவு கஷ்டத்துக்கு நடுவிலும் ஹெக்கெல்ஃபோன் அழியாமல் இருப்பதற்கு முழுக் காரணம் அந்த இரண்டு ஓபராக்கள். அவற்றைப் போடாத பெரிய ஓபரா அரங்கு உலகத்தில் கிடையாது. அரங்கு கருவியைத் தன் சொத்தாக வாங்கி அலமாரியில் வைத்திருக்கும். சலோமே வருகிற வாரத்தில் ஓபோக் குழுவில் ஒருவர் எடுத்துத் தூசி தட்டி, சீவாளி சீவி, பழகிக்கொள்வார். தனி மனிதர்களுக்கு இது கட்டுப்படியாகாது: ஆண்டில் சில இரவுகள் வாசிப்பதற்காக இவ்வளவு விலையுள்ள கருவியை யார் வாங்குவார்கள்? 2001-இல் நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் ஹெக்கெல்ஃபோன் வாசிப்பவர்கள் கூடியபோது ஆறு கருவிகள் ஒரே இடத்தில் சேர்ந்தன. அதையே அவர்கள் பெரிய சாதனையாகக் கொண்டாடினார்கள். ஆறு ஹெக்கெல்ஃபோன்கள் ஒன்றாக இருந்து அதற்குமுன் அநேகமாக யாரும் பார்த்ததில்லை. 

நம் ஊர் மாணவர்களாகிய உங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹெக்கெல்ஃபோனை நேரில் கேட்க நாம் வெளிநாடு போகவேண்டும், ஆனால் காதால் கண்டுபிடிக்க இங்கேயே வழி இருக்கிறது. ஸ்ட்ராஸ் இறந்தது 1949-இல். நம் நாட்டுச் சட்டப்படி காப்புரிமை ஆசிரியர் காலத்துக்குப் பின் 60 ஆண்டு; ஆகவே 2010 முதல் அவருடைய ஸ்கோர்கள் இந்தியாவில் பொதுச் சொத்து. சலோமேயின் முழு ஸ்கோரை இறக்கிக்கொள்ளுங்கள். 1961-இல் ஜார்ஜ் சோல்டி வியன்னா ஃபில்ஹார்மோனிக்கை வைத்து, பிர்கிட் நீல்சன் பாட, டெக்கா நிறுவனத்துக்காகப் பதிவு செய்த சலோமே சுலபமாகக் கிடைக்கிறது. ஏழு திரை நடனத்தில் தொடங்குங்கள். பக்கத்தின் மேற்பகுதியில், இங்கிலிஷ் ஹார்ன் வரிக்கு நேர் கீழே ஹெக்கெல்ஃபோன் வரி இருக்கும். ட்ரெபிள் குறியில் எழுதியிருப்பார்கள். எழுதியிருப்பதற்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் என்பதை மறக்கவேண்டாம். மற்ற வரிகளை எல்லாம் விட்டுவிட்டு அந்த ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு கேளுங்கள். முதல் தடவை ஒன்றும் பிடிபடாது. நாலைந்து தடவை கேட்டுவிட்டு வாருங்கள், அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றி நீங்கள் பேசவேண்டும்.